ஸ்டெர்ன் டிரைவ்: வேகப்படகு வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் பல ஆண்டுகளாகப் படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை விசைப்படகுகளும் அவுட்போர்டு பூட்டிய ஃபைபர் படகுகளும்தான். ஸ்டெர்ன் டிரைவ் பூட்டிய வேகப்படகு எப்போதாவதுதான் வரும். ஆனால் வருகிறபோது, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், முன்கூட்டியே தவிர்த்திருக்கக்கூடிய பெரிய செலவோடு வருகிறது. உரிமையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, நின்றபடியே அவசரமாகச் சொல்லும் பதில்களை விட்டுவிட்டு, இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

ஸ்டெர்ன் டிரைவ் என்றால் என்ன? அவுட்போர்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

அவுட்போர்டில் இயந்திரம், கியர், புரொப்பெல்லர் எல்லாம் ஒரே கட்டாகப் படகின் பின்பலகைக்கு வெளியே தொங்குகின்றன. விசைப்படகின் இன்போர்டில் இயந்திரம் படகுக்குள்ளும், அதிலிருந்து நீளும் ஷாஃப்ட் படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியிலும் இருக்கிறது. ஸ்டெர்ன் டிரைவ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கார் இயந்திரத்தைப் போன்ற பெரிய இயந்திரம் படகுக்குள் அமரத்தை, அதாவது படகின் பின்பகுதியை, ஒட்டிப் படுத்திருக்கும். அதன் சக்தி பின்பலகையில் உள்ள துளை வழியாக வெளியே வந்து, மேல் கியரில் ஒருமுறை செங்குத்தாகக் கீழே திரும்பி, கீழ் கியரில் மறுமுறை பின்னோக்கித் திரும்பிப் புரொப்பெல்லரைச் சுழற்றும். வெளியே உள்ள பகுதி முழுவதும் இடவலமாகவும் மேல்கீழாகவும் அசைவதால் தனிச் சுக்கான் தேவைப்படுவதில்லை.

ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் எண்ணத்தில் உருவான இந்த அமைப்பை, வோல்வோ பென்டா நிறுவனம் 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்வாமேட்டிக் என்ற பெயரில் வெளியிட்டது. 1961-ல் மெர்குரி நிறுவனம் மெர்குரூசர் வரிசையோடு களத்தில் இறங்கியது. நம் பக்கம் கிடைக்கும் டிரைவ்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவையே.

அப்படியானால் என் வேகப்படகுக்கு ஸ்டெர்ன் டிரைவ்தான் ஏற்றதா?

எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். படகை ஆண்டு முழுவதும் உப்புத்தண்ணீரிலேயே கட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால், அவுட்போர்டு வாங்குங்கள். அதைத் தண்ணீருக்கு மேலே முழுவதுமாகத் தூக்கி வைக்க முடியும். ஸ்டெர்ன் டிரைவை அப்படித் தூக்க முடியாது. காசிமேட்டில் அவுட்போர்டு தெரிந்த கைகள் ஏராளம். ஸ்டெர்ன் டிரைவைப் பிரித்துப் பொருத்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

பெரிய பெட்ரோல் இயந்திரத்தின் இழுவை வேண்டும், அல்லது டீசலில் ஓட்ட வேண்டும், பாரம் தாழ்வாக இருக்க வேண்டும், பின்தளம் திறந்திருக்க வேண்டும், படகை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டிரெய்லரில் கரையேற்ற முடியும் என்றால் ஸ்டெர்ன் டிரைவ் அருமையான தேர்வு. ஆழம் குறைந்த இடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வாட்டர்ஜெட்டையும் எண்ணிப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் இடைமறிப்புப் படகுகள் பல அதில்தான் ஓடுகின்றன.

டிரைவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? குதிரைத்திறனையா?

குதிரைத்திறன் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண். டிரைவின் பற்களை உடைப்பது முறுக்குவிசை. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். 300 குதிரைத்திறன் என்பது சுமார் 221 கிலோவாட். ஒரு பெட்ரோல் இயந்திரம் அந்தத் திறனை நிமிடத்துக்கு 5000 சுற்றில் தருமானால் அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 422 நியூட்டன் மீட்டர். அதே 300 குதிரைத்திறனை ஒரு டீசல் இயந்திரம் 3400 சுற்றில் தருமானால் முறுக்குவிசை 620 நியூட்டன் மீட்டரைத் தொடும். காகிதத்தில் இரண்டும் ஒரே திறன். ஆனால் மேல் கியரின் பல் மீது விழும் சுமை ஒன்றுக்கு ஒன்றரை மடங்காகிவிடுகிறது. பெட்ரோலை எடுத்துவிட்டு அதே திறனுள்ள டீசலைப் பழைய டிரைவிலேயே பூட்டியவர்கள் சில மாதங்களில் என்னிடம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

மெர்குரூசர் குடும்பத்தில் ஆல்ஃபா டிரைவ் சுமார் 300 குதிரைத்திறன் வரையிலான படகுகளுக்கானது. அதில் முன்பின் கியர் மாற்றம் கீழ்ப்பெட்டியில் பற்கள் கொக்கி போட்டுக்கொள்வதன் மூலம் நடக்கிறது. கடல்நீரை இழுக்கும் பம்பும் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த படியான பிராவோ டிரைவில் கியர் மாற்றம் மேல்பெட்டியில் உள்ள கூம்பு வடிவக் கிளட்ச் மூலம் நடக்கிறது. தண்ணீர் பம்பு இயந்திரத்தின் மீது இருக்கிறது. அதிவேகப் படகுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பிராவோ ஒன்று, அதன் வலுவூட்டிய எக்ஸ்ஆர் வகை, அதற்கும் மேலே பந்தயப் பிரிவின் டிரைவ்கள்.

என் அறிவுரை இதுதான்: உங்கள் இயந்திரத்தின் அளவு ஒரு டிரைவின் உச்ச வரம்பைத் தொடுமானால், அடுத்த படியில் உள்ள டிரைவை வாங்குங்கள். உற்பத்தியாளர் சொல்லும் வரம்பு ஒழுங்காக ஓட்டப்படும் படகுக்கானது. வாடைக்காற்று காலத்தில் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே அலை மீது துள்ளி விழும் படகுக்கு அந்த வரம்பு பொருந்தாது. படகின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலகுவான படகில் பத்து ஆண்டு தாங்கும் டிரைவ், அதே இயந்திரத்தோடு கனமான படகில் இரண்டு ஆண்டுகூடத் தாங்காமல் போகலாம்.

ஒற்றைப் புரொப்பெல்லர் நல்லதா, இரட்டைப் புரொப்பெல்லர் நல்லதா?

வோல்வோ பென்டா 1982-ல் டியோபுரொப் என்ற இரட்டை அமைப்பைக் கொண்டுவந்தது. ஒரே அச்சில் இரண்டு புரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும். படகு ஒரு பக்கமாக இழுக்காது, தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், துறைக்குள் பின்னால் எடுக்கும்போது சொன்னபடி கேட்கும். மெர்குரூசரின் பிராவோ மூன்றும் இதே வகைதான். குடும்பத்தோடு போகும் கனமான படகுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மிக வேகமாகப் போக வேண்டிய படகுக்கு ஒற்றைதான். நீருக்குள் இருக்கும் உலோகம் கூடக் கூட இழுவைத்தடை கூடும். இரண்டு ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர்கள் ஓர் அலுமினியப் பெட்டியை உப்புநீரில் அரிக்கும் வேகமும் கூடுதல். நம் கரையில் வேறொரு காரணமும் உண்டு: அறுந்த வலை சிக்கினால் இரட்டையிலிருந்து அதை எடுப்பது இரு மடங்கு வேலை.

கியர் விகிதமும் புரொப்பெல்லர் பிட்ச்சும் என் வேகத்தை எப்படித் தீர்மானிக்கின்றன?

இயந்திரச் சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்தால் புரொப்பெல்லரின் சுற்று கிடைக்கும். பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில், மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, முன்னேற வேண்டிய தூரம். எடுத்துக்காட்டாக இயந்திரம் 5000 சுற்று, விகிதம் 1.5, பிட்ச் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3333 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 2200 மீட்டர், அதாவது மணிக்கு 132 கிலோமீட்டர் போக வேண்டும். தண்ணீர் மரம் அல்ல, வழுக்கும். வழுக்கல் 12 விழுக்காடு என்றால் உண்மை வேகம் மணிக்கு சுமார் 116 கிலோமீட்டர், அதாவது 63 நாட்.

இந்தக் கணக்கை உங்கள் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழுக்கல் 20 விழுக்காட்டைத் தாண்டினால் புரொப்பெல்லர் சேதமடைந்திருக்கலாம், அதன் நடுவிலுள்ள ரப்பர் கழன்று சுற்றலாம், அல்லது படகின் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) படிந்திருக்கலாம். பிட்ச்சை ஓர் அங்குலம் கூட்டினால் இயந்திரச் சுற்று சுமார் 150 முதல் 200 வரை குறையும். முழு திராட்டிலில் (வேகக் கைப்பிடியை முழுவதும் தள்ளிய நிலையில்), வழக்கமான பாரத்தோடு, இயந்திரம் தன் கையேட்டில் சொல்லப்பட்ட உச்சச் சுற்று வரம்புக்குள் வந்து நிற்க வேண்டும். அந்த வரம்பை எட்டாமல் திணறும் படகு வேகம் குறைவாகப் போவதோடு நிற்காது. இயந்திரத்தையும் மேல் கியரையும் சேர்த்தே வதைக்கும்.

டிரைவை உயரமாகப் பொருத்தினால் வேகம் கூடும் என்கிறார்களே?

உண்மைதான். பின்பலகையில் டிரைவ் பொருந்தும் உயரத்தைப் படகு கட்டும் தொழிலில் எக்ஸ் அளவு என்பார்கள். உயரம் கூடக் கூட நீருக்குள் இழுபடும் உலோகம் குறையும், வேகம் கூடும். அதற்கு விலையும் உண்டு. புரொப்பெல்லர் காற்றை விழுங்கி வெறுமனே சுழலும். வளைவில் பிடி விடும். தண்ணீர் எடுக்கும் துவாரங்கள் நீர்மட்டத்துக்கு அருகில் வந்து இயந்திரம் சூடாகும். மேல் கியர்ப்பெட்டி நீரில் நனையாமல் அதன் எண்ணெயும் கொதிக்கும். அதற்காகவே மேல்பெட்டியின் மீது நீரைத் தெளிக்கும் சிறு குழாய் அமைப்பைச் சிலர் பூட்டுகிறார்கள். உயர்த்தப்பட்ட டிரைவுக்கு அது வீண்செலவு அல்ல.

பின்பலகையை வெட்டிய பிறகு மனம் மாற முடியாது என்பதால், முதலில் நீளம் குறைந்த கீழ்ப்பெட்டியை மாட்டிப் பார்த்து, ஓர் அங்குலம் கொடுக்கும் பலனைக் கடலில் அளந்த பின்னரே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

ஓட்டும் முறையால் டிரைவ் உடையுமா?

நான் பிரித்த உடைந்த மேல் கியர்களில் பெரும்பகுதி ஓட்டும் முறையால் உடைந்தவைதான். அலை மீது படகு துள்ளும்போது புரொப்பெல்லர் நீரை விட்டு வெளியேறுகிறது. பாரம் இல்லாததால் இயந்திரச் சுற்று எகிறுகிறது. அடுத்த கணம் அந்த வேகத்தோடு புரொப்பெல்லர் கெட்டியான நீருக்குள் விழுகிறது. சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும் இரண்டு சிறிய பற்களின் மீது இறங்கும் கணம் அது. கடல் பந்தயங்களில் ஸ்டியரிங் பிடிப்பவர் வேறு, திராட்டிலைப் பிடிப்பவர் வேறு என்று இருவர் அமர்வது இதற்காகத்தான். படகு எழும்பும்போதே திராட்டிலை இழுத்து, நீரில் இறங்கிய பின் மெல்லக் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது டிரைவை உள்ளே இழுத்துக்கொண்டு, படகு நீர்மீது ஏறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே சாயுங்கள். அணியம், அதாவது படகின் முன்பகுதி, மேலும் கீழும் குதிக்கத் தொடங்கினால் சாய்வு அதிகமாகிவிட்டது. அதிவேகத்தில் படகு இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து தள்ளாடினால் திராட்டிலைக் குறையுங்கள். ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பி அதை அடக்கப் பார்க்காதீர்கள். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும் படகுக்கு, டிரைவை இரு புறமும் வெளியிலிருந்தே பிடிக்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் தேவை என்பது என் உறுதியான கருத்து.

பெல்லோஸை எப்போது மாற்ற வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பின்பலகைக்கும் டிரைவுக்கும் இடையே, ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் குழாய்தான் பெல்லோஸ். அதற்குள்ளே, டிரைவ் திரும்பினாலும் சக்தியைக் கடத்தும் மடங்கும் இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் சுழல்கிறது. டிரைவ் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்நீர் உள்ளே வராமல் காப்பது இந்த ரப்பர் மட்டுமே. அது கிழிந்தால் முதலில் கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடிக்கும், பிறகு பின்பலகையில் ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் அரைபடும், அதன் பிறகு தண்ணீர் அந்தப் பேரிங்கைத் தாண்டிப் படகுக்குள்ளேயே வரும். கியர் கேபிளுக்கான சிறிய பெல்லோஸ் கிழிந்தாலும் இதே கதைதான். புகை வெளியேறும் பெல்லோஸ் கிழிவது அவ்வளவு ஆபத்தில்லை.

தொழில் தொடங்கிய காலத்தில், ஒரு வாடிக்கையாளரின் படகில் கிராஸ் ஜாயிண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பெல்லோஸ் வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. செலவைக் குறைக்கும்படி அவரும் கேட்டார், நானும் ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், கட்டியிருந்த இடத்திலேயே அந்தப் படகு அமரம் மூழ்கி அணியம் மட்டும் மேலே தெரிய நின்றது. இயந்திரம், மின்கம்பிகள், ஸ்டார்ட்டர் எல்லாம் உப்புநீரில். ரப்பரைக் கையில் எடுத்து மடிப்பை விரித்தபோதுதான், மடிப்பின் அடிப்பள்ளத்தில் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. வெளிமுகட்டில் ஒரு கீறலும் இல்லை. அன்றிலிருந்து, டிரைவைக் கழற்றிய எந்தப் படகையும் புதிய பெல்லோஸ் இல்லாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். டிரைவை முழுவதும் மேலே தூக்கி, ஒரு பக்கமாகத் திருப்பி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்து, ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் கொட்டலசு முளைத்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். டிரைவைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஓடு ரப்பரை அறுத்துக்கொண்டிருந்திருக்கும், அதனால் ரப்பரையே மாற்றிவிடுவதுதான் சரி. நம் வெப்பத்துக்கும் உப்புக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்பது மாற்றாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பின்னால் உறுமல் சத்தம் வருகிறது. என்ன கோளாறு?

நேராகப் போகும்போது சத்தமில்லை, முழுவதும் திருப்பினால் உறுமுகிறது என்றால் பெரும்பாலும் கிம்பல் பேரிங் அல்லது கிராஸ் ஜாயிண்ட். டக் டக் என்று விட்டு விட்டு அடித்தால் கிராஸ், தொடர்ந்து அரைபட்டால் பேரிங் என்று கொள்ளலாம். பேரிங்கை மாற்றும்போது தண்ணீர் ஏன் உள்ளே வந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டும் இதே வேலை.

டிரைவைத் திரும்பப் பூட்டும் முன், இயந்திரம் நேர்கோட்டில் இருக்கிறதா என்பதை அதற்குரிய நேர்க்கம்பியைச் செருகிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். கம்பியின் நுனியில் கிரீஸ் தடவிச் செருகி எடுத்தால், இயந்திரக் கப்ளரின் (டிரைவ் ஷாஃப்ட் செருகும் இணைப்பின்) பற்கள் அதில் சுற்றிலும் சீராகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் பதியாமலும் இருந்தால் இயந்திரத்தின் முன்பக்கத் தாங்கியைச் சரிசெய்த பிறகே பூட்ட வேண்டும். இரண்டு விரலால் தள்ளினால் கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தால் அது சரியில்லை.

டிரைவ் ஆயிலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. படகு ஓர் இரவு அசையாமல் நின்ற பிறகு, காலையில் கீழ் டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீர் என்றால் எங்கோ ஓர் ஆயில் சீல் போய்விட்டது. எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல இருந்தால் நீர் கலந்து பல மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பொருள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல மெல்லிய கரும்பொடி இருப்பது இயல்பு. விரலில் குத்தும் துண்டுகள் இருந்தால் படகை இறக்காதீர்கள்.

100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, கையேட்டில் சொன்ன வகை எண்ணெயையே மாற்றுங்கள். கீழ்த் துளை வழியாகப் பம்பால் ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று நடுவில் அடைபட்டுப் பாதிதான் நிரம்பும். படகுக்குள் இருக்கும் ஆயில் புட்டியில் மட்டம் குறைந்தால் கசிவு. மட்டம் ஏறினால் தண்ணீர் உள்ளே வருகிறது. ஏறுவதைக் கண்டு மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைவதைவிட அதுதான் மோசம்.

வலை நூல் சிக்கிக்கொண்டால் அறுத்து எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் அறுந்து மிதக்கும் தங்கூசி வலை, கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு. புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டதும் அது ஷாஃப்ட்டை ஒட்டி உள்ளே நகர்ந்து, சுழற்சியின் வெப்பத்தில் உருகி, கெட்டி வளையமாகி, ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். வெளியே தொங்கும் நூலை அறுத்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவரின் டிரைவில்தான் அடுத்த மாதம் பால்நிற எண்ணெய் வரும். வலை சிக்கிய ஒவ்வொரு முறையும், சிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது, புரொப்பெல்லரைக் கழற்றி, ஷாஃப்ட்டில் உள்ள நூலைக் கையால் எடுத்து, பற்களில் கடல்நீருக்கு ஏற்ற கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். அரை மணி நேர வேலைதான்.

அனோடு எப்போது மாற்ற வேண்டும்? பெயிண்ட் அடிக்கலாமா?

டிரைவுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டிதான் அனோடு. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். உப்புநீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, மக்னீசியம் நன்னீருக்கானது. பல மாதமாகியும் அனோடு புதிதுபோலவே இருக்கிறது என்றால் அது வேலை செய்யவில்லை, அதற்குப் பதிலாக டிரைவ் கரைந்துகொண்டிருக்கிறது. அனோடு தொடும் இடத்தைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொடும்படி பூட்டுங்கள். டிரைவின் பகுதிகளை இணைக்கும் சிறு மின்கம்பிகள் அறுந்திருந்தாலும் இதே நிலைதான். அனோடு மீது பெயிண்ட் ஒரு துளியும் படக்கூடாது. படகின் அடிக்குத் தாமிரம் கலந்த பெயிண்ட் அடித்துவிட்டு, மீதியை அலுமினிய டிரைவிலும் பூசுவது மிகப் பெரிய தவறு. அது டிரைவைப் புள்ளி புள்ளியாக அரித்துத் தின்னும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஓட்டினால் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்தக் கழிமுகத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக அங்கே படிந்திருக்கிறது. சாம்பல் கலந்த நீர் தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லருக்கு உப்புத்தாள் போன்றது. அங்கே அடிக்கடி ஓட்டும் படகுக்கு இம்பெல்லரை ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள். பம்பின் உட்சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்பதையும் தடவிப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகமெங்கும் பரவியதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர்களின் வலையையும் படகையும் அது எப்படிப் பாழாக்கியது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். எண்ணெய் படிந்த நீரில் நின்ற டிரைவின் ரப்பர் ஊதி மிருதுவாகும். விரலால் அழுத்தினால் பிசுபிசுக்கும் பெல்லோஸை அப்போதே மாற்ற வேண்டும்.

கரைக்கு வந்ததும் நீர் எடுக்கும் துவாரங்களின் மீது ரப்பர் கிண்ணங்களைப் பொருத்தி, குழாயில் நல்ல தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, அதன் பிறகு இயந்திரத்தை ஓட்டி, ஐடிலிலேயே பத்து நிமிடம் கழுவுங்கள். நீர் இல்லாமல் சில நொடிகள் ஓட்டினாலே இம்பெல்லர் கருகிவிடும்.

படகை நிறுத்தி வைக்கும்போது டிரைவ் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா?

கீழே. மேலே தூக்கி வைத்தால் பெல்லோஸ் நீட்டிய நிலையிலேயே இறுகி வெடிக்கும். டிரெய்லரில் இழுத்துச் செல்லும்போது மட்டும் தாங்கி கொடுத்து மேலே தூக்குங்கள்.

பழைய ஸ்டெர்ன் டிரைவ் படகு ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது?

டிரைவின் அடித்துடுப்பை (புரொப்பெல்லருக்குக் கீழே நீண்டிருக்கும் தகட்டை) கையால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் அசையாமல் டிரைவ் மட்டும் கணிசமாக ஆடினால் டிரைவைத் தாங்கித் திருப்பும் கிம்பல் வளையம் தேய்ந்துவிட்டது. அந்த வேலைக்குச் சில படகுகளில் இயந்திரத்தையே கழற்ற வேண்டிவரும். பெட்டியில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அதன் கீழே அரிப்பு இருக்கிறதா என்று விளிம்புகளைச் சுரண்டிப் பாருங்கள். ஆயிலை உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். பெல்லோஸ் எப்போது மாற்றியது என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் வரவில்லை என்றால், அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.

பராமரிப்பு வேலைக்கு எந்த மாதம் படகைக் கொண்டுவருவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும்; காசிமேட்டில் ஒரு வெல்டரோ மெக்கானிக்கோ ஓய்வாகக் கிடைப்பது அரிது. அவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு அந்த இரண்டு மாத வேலையில் அடங்கியிருக்கிறது; வேகப்படகு அந்த வரிசையில் புகுந்து இடம் கேட்பது நியாயமும் அல்ல. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொண்டுவாருங்கள். பெல்லோஸும் சீல் செட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதால், டிரைவின் வரிசை எண்ணை ஒளிப்படம் எடுத்து ஒரு மாதம் முன்பே அனுப்பிவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் படகை உங்களிடம் திருப்பித் தந்துவிட முடியும்.